உடன் ஒருவர் இருக்க வேண்டும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் நகரத்துக்குச் சற்று ஒதுங்கி, பாகாயத்தில் இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 1957இல் அதைத் தொடங்கியபோது ஒரு விதியையும் சேர்த்தே தொடங்கினார். உள்நோயாளியாகச் சேர்பவரோடு குடும்பத்தில் ஒருவராவது வந்து தங்க வேண்டும். மாலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதாது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்வரை நோயாளி இருக்கும் இடத்திலேயே அவரும் உண்டு உறங்கி இருக்க வேண்டும்.

எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவையோ அக்காவையோ பார்த்துப் பழகிய நமக்கு இதில் புதுமை எதுவும் தெரியாமல் போகலாம். ஆனால் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் துணைக்கு ஆள் இருந்த நாட்டில், மனநோய்க்கு மட்டும் அப்படி இருந்ததில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை 1871இல் லோக்காக் தோட்டம் என்ற இடத்தில் எழுந்தது. அதன் மதில் தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே புகுந்துவிட்டது. வகுப்பறைக் கேலியிலும் சினிமா நகைச்சுவையிலும் ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆனது அந்த மதிலால்தான். 1912ஆம் ஆண்டின் சட்டப்படி, கணவனோ மனைவியோ உறவினரோ நீதிபதியிடம் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டு மருத்துவச் சான்றுகள் வேண்டும். நீதிபதி உத்தரவிட்டால் நோயாளி உள்ளே போவார். குடும்பத்தைச் சட்டம் மனுதாரராக அறிந்திருந்தது. அதற்கு மேல் அதற்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை. விடுதலைக்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு அறிக்கையின் கணக்கில், ஏறக்குறைய 40 கோடி மக்களுக்கு மனநோய்ப் படுக்கைகள் சுமார் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரத்திலும் பெரும்பாலானவற்றில் ஆண்டுக்கணக்கில் எழாமல் கிடந்தவர்கள். உள்ளே போனவர் திரும்புவார் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்காததால், திரும்பக்கூடிய நிலைக்கு வந்தவருக்கும் வீடு இல்லாமல் போனது.

பாகாயத்து விதி அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. ஆனால் அதற்கு முன்னோடி ஒன்று உண்டு. அது வடக்கே, பிரிவினையின் இடிபாடுகளுக்கு நடுவே நடந்தது.

லாகூர் மனநோய் மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் சுமார் 450 பேர் 1950இன் இறுதியில் இந்தியாவுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரு பகுதியினர் ராஞ்சிக்குப் போக, மற்றவர்கள் அமிர்தசரஸில் தங்கினார்கள். மண்டோவின் 'டோபா டேக் சிங்' சிறுகதை இந்தப் பரிமாற்றத்தைத்தான் களமாகக் கொண்டது. கதை எல்லைக் கோட்டில் முடிகிறது. அமிர்தசரஸ் மருத்துவமனையின் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இடம் போதவில்லை, செவிலியர் போதவில்லை, பணம் சுத்தமாக இல்லை. அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் வித்யாசாகர். 1950களில் அவர் செய்த காரியம் கேட்பதற்கு எளிமையானது. மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்தார். நோயாளியை அழைத்து வந்த உறவினர்களை அவற்றில் தங்க வைத்தார். மருந்து கொடுப்பது, சாப்பிட வைப்பது, குளிக்க வைப்பது எல்லாவற்றிலும் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். உறவினர்களைக் கூட்டி உட்காரவைத்து, இது என்ன நோய், எதனால் இப்படி நடந்துகொள்கிறார், வீட்டுக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குப் பழகிய மொழியில் பேசினார்.

இதைக் கொள்கை என்பதா, வேறு வழியில்லாமல் செய்தது என்பதா? இரண்டும் உண்டு. பற்றாக்குறையில் பிறந்தது என்பதை மறைத்துப் பெருமைப்படுவதில் பொருளில்லை. ஆனால் பற்றாக்குறை எல்லா ஊரிலும் இருந்தது. கூடாரம் ஓர் ஊரில்தான் எழுந்தது. நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள். அதைவிட முக்கியம், தேறியவர்களை அழைத்துப் போக ஆள் அங்கேயே இருந்தார். அவரும் மிரண்டுபோய் நிற்கவில்லை. நோய் உச்சத்தில் இருந்ததையும் தணிந்ததையும் கண்ணால் பார்த்தவர் அவர்.

இதே ஆண்டுகளில் மேற்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பு கூடும். அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் 1948இல் எழுதிய கட்டுரையிலிருந்து, மனச்சிதைவுக்குத் தாயின் குணமே காரணம் என்ற எண்ணம் பரவியது. குளிர்ந்த மனமும் அடக்கியாளும் போக்கும் கொண்ட தாய் பிள்ளையின் மனத்தைச் சிதைக்கிறாள் என்றார்கள். 1956இல் கிரிகரி பேட்சனும் அவரது கூட்டாளிகளும், ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளைக் குழந்தைக்கு விடுக்கும் குடும்பப் பேச்சில் நோயின் வேரைத் தேடினார்கள். பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்து வந்த தாய் அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றாள். வித்யாசாகர் அதே தாய்க்குக் கூடாரம் கொடுத்தார். தாயைக் குற்றம் சொன்ன கோட்பாடுகளுக்குச் சான்று கிடைக்கவில்லை. பிறகு அவை மெல்லக் கைவிடப்பட்டன. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் சுமந்த பழிக்கு மட்டும் யாரும் கணக்கெடுக்கவில்லை.

மூன்றாவது இடம் நைஜீரியா. அபேயோகுட்டா நகரை ஒட்டிய ஆரோ மருத்துவமனையில் அடியோயே லாம்போ 1954இல் ஒரு முறையைத் தொடங்கினார். நோயாளி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாடகைக்குத் தங்குவார். உறவினர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். பகலில் சிகிச்சை, மாலையில் கிராமத்து வாழ்க்கை. லாம்போ பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநர் ஆனார். அமிர்தசரஸ், ஆரோ, பாகாயம் என மூன்று இடங்களில் ஒரே பத்தாண்டில் ஏறக்குறைய ஒரே விதி எழுந்தது. மூன்றும் ஏழை நாடுகளில். மூன்றிலும் வீடு என்பது ஒருவர் இருவர் வாழும் இடமாக இல்லாமல் பலர் கூடி வாழும் இடமாக இருந்தது. இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 1952இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் மனச்சிதைவுக்குப் பயன்படுத்திக் காட்டிய குளோர்புரோமசின் அந்தப் பத்தாண்டின் நடுவில் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அதட்டலும் கட்டிவைப்பதும் தவிர வேறு வழியறியாத இடத்தில், சில வாரங்களில் ஆளை அமைதிப்படுத்தும் மாத்திரை வந்தது. உறவினர் பக்கத்தில் படுத்துறங்க முடிந்ததற்கு அந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு. குடும்பத்தின் அன்பே எல்லாவற்றையும் செய்தது என்று எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

பாகாயத்தில் நடந்தது கூடாரத்தைவிட ஒழுங்குபட்டது. வேலூர் மருத்துவர்கள் தாங்கள் செய்வதைப் பதிவு செய்தார்கள். கோல்மேயரும் ஃபெர்னாண்டஸும் 1963இல் அமெரிக்க மனநல இதழ் ஒன்றில் இந்தக் குடும்ப அணுகுமுறையைப் பற்றி எழுதினார்கள். சாக்கோ 1967இல் எழுதினார். 1988இல் ஆபிரகாம் வர்கீஸ் 'வேலூர்ச் சோதனை' என்றே பெயரிட்டு மூன்று பத்தாண்டு அனுபவத்தைத் திரட்டிச் சொன்னார். (இவர் மனநல மருத்துவர். நாவல்கள் எழுதும் ஆபிரகாம் வர்கீஸ் வேறொருவர். இருவருமே மருத்துவர்கள் என்பதால் குழப்பம் அடிக்கடி வரும்.)

உடன் தங்குபவர் அங்கே என்ன கற்றுக்கொள்கிறார்? பாடமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம். மருந்தின் பெயர், அளவு, எப்போது கொடுப்பது, கை நடுங்கினால் உடல் விறைத்தால் அது மருந்தின் பக்கவிளைவு, பயந்து நிறுத்திவிடக் கூடாது என்பது போன்றவை. தூக்கம் குறைவதும் சந்தேகப் பேச்சு தலைகாட்டுவதும் நோய் திரும்புவதற்கு முன் அடையாளம் என்பது. ஆனால் இவற்றைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. மனச்சிதைவில் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் நோய் என்று வீட்டார் ஒப்புக்கொள்வார்கள். குளிக்காமல், பேசாமல், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மட்டும் நோயாகப் பார்க்க மாட்டார்கள். "வேலைக்குப் போகச் சொன்னா மட்டும் வலிக்குது" என்று ஒரு அப்பா சொல்வார். "திமிரு, வேற ஒண்ணும் இல்ல" என்று ஒரு அண்ணன் சொல்வார். அந்த அசைவின்மையும் நோயின் பகுதிதான், மாத்திரைக்கு எளிதில் அடங்காத பகுதி. இதை மருத்துவர் வாய்மொழியாகச் சொல்லி நம்பவைப்பது அரிது. பக்கத்து அறையில் இன்னொருவரின் மகனும் அதேபோல் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிற அப்பா தானாகவே அதைப் புரிந்துகொள்கிறார். முற்றத்தில் உறவினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரம் சிகிச்சையின் பகுதி என்று யாரும் அட்டவணையில் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுதுவேன்.

கற்பது ஒருவழிப் பாதையும் இல்லை. ஓ.பி.யில் பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு நோயாளியின் பழைய ஆள் யார் என்று தெரியாது. எப்போதும் கலகலப்பாக இருந்தவர் அடங்கிப்போனதும், சிறுவயதிலிருந்தே அதிகம் பேசாதவர் அடங்கியிருப்பதும் வெளியாளுக்கு ஒன்றாகவே தெரியும். எப்போது மாறினார், மாறுவதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, முதலில் எந்தக் கோயிலுக்கு அல்லது தர்காவுக்கு அழைத்துப் போனார்கள், யார் செய்வினை என்றார்கள், யார் அதை நம்பவில்லை என்பதெல்லாம் உடன் தங்கும் அத்தையின் வாயிலிருந்து வாரக்கணக்கில், உதிரி உதிரியாக வருகிறது. கேஸ் ஷீட்டில் ஒரே மூச்சில் எழுதி வாங்க முடியாத வரலாறு அது.

வேலூரில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு விரிவுரை நடத்தினார்கள். மற்றதைக் குழுவாக உட்காரவைத்துக் கலந்து பேச வைத்தார்கள். பத்து வாரம் நடந்த இந்த ஆய்வை 1999இல் பிரிட்டிஷ் மனநல இதழில் ரசலும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். குழந்தையைப் பற்றிய பெற்றோரின் மனப்பான்மை தெளிவாக மாறியது கலந்து பேசிய பிரிவில்தான். சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் குடும்பத்துக்கும், தானும் பேசும் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கிடைத்த அளவு இது. நம் மருத்துவமனைகள் 'கவுன்சிலிங்' என்ற பெயரில் நடத்துவது பெரும்பாலும் முதல் வகைதான்.

குடும்பம் பக்கத்தில் இருந்தாலே நல்லது என்று நினைத்துவிடாதபடி தடுத்த ஆய்வு லண்டனிலிருந்து வந்தது. ஜார்ஜ் பிரவுன், மாரிஸ் கார்ஸ்டேர்ஸ், டாப்பிங் ஆகிய மூவர் மனநோய் மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்த 229 ஆண்களைப் பின்தொடர்ந்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தவர்களிடமோ வாடகை அறைக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். (கார்ஸ்டேர்ஸ் இந்தியாவில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். ராஜஸ்தான் கிராமம் ஒன்றைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். வித்யாசாகரின் பணியையும் அறிந்து எழுதியவர்.) பிரவுன் இந்தப் புதிரைத் தொடர்ந்து போனார். நோயாளியை ஓயாமல் குறைசொல்வது, வெறுப்பைக் காட்டுவது, அல்லது மூச்சுவிடக்கூட இடம் கொடுக்காமல் பொத்திப் பொத்திக் காப்பது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மிகுந்த வீட்டில் நோய் அதிகம் திரும்புகிறது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. தாயைக் குற்றம் சொன்ன பழைய கோட்பாட்டிலிருந்து இது வேறானது. நோயை வீடு உண்டாக்குகிறது என்று பிரவுன் சொல்லவில்லை. நோய் திரும்புவதில் வீட்டுப் பேச்சின் வெப்பத்துக்குப் பங்கு உண்டு என்றார். அந்த வெப்பத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

சண்டிகரில் அதே அளவுகோலை வைத்தபோது அந்த வெப்பம் மிகுந்த உறவினர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. லண்டனில் அது ஏறக்குறைய பாதி. விக், லெஃப் முதலியோர் 1987இல் இதை வெளியிட்டதும், ஏழை நாடுகளில் மனச்சிதைவு நன்றாகத் தேறுகிறது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளோடு சேர்த்து, இந்தியக் குடும்பமே மருந்து என்ற முடிவுக்குப் பலர் தாவினார்கள். நம்மவர்களுக்கு அது இனித்தது. 2008இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், ஆர். தாரா, ஓயே குரேஜே நால்வரும் அந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்திக் கட்டுரை எழுதினார்கள். ஏழை நாடுகளின் நிலை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது, திருமணமும் வேலையும் எல்லா இடத்திலும் எளிதில் கிடைத்துவிடுவதில்லை, சாவும் குறைவில்லை. நால்வரில் தாரா சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் இதே நோயாளிகளைப் பார்த்தவர் என்பதால் அந்தக் கட்டுரைக்குக் கூடுதல் கனம் உண்டு. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய நிறுவனம் அது. அவர் அதற்குமுன் கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர்.

நம்பத்தக்க சான்று எங்கே இருக்கிறது என்றால், குடும்பம் இருப்பதில் அல்ல, குடும்பத்தோடு மருத்துவமனை முறையாக வேலை செய்வதில். ஜெர்மனியில் பிட்ஷெல் வால்ஸ் குழுவினர் 2001இல் 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உறவினர்களைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டால் நோய் திரும்புவது ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகத் தெரிந்தது. ஒரு மாத்திரைக்கு இந்தப் பலன் இருந்திருந்தால் அதை விற்க எத்தனை பிரதிநிதிகள் வந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விதியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பெங்களூரில் ஷைலா பாயும் ஆர்.எல். கபூரும் 1981இல் குடும்பத்தின் சுமையை அளக்க 24 கேள்விகள் கொண்ட ஓர் அட்டவணை உருவாக்கினார்கள். பணம், வீட்டின் அன்றாட ஒழுங்கு, ஓய்வு, வீட்டாருக்குள் உறவு, மற்றவர்களின் உடல்நலம், மற்றவர்களின் மனநலம் என்று ஆறு பகுதிகள். நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் இந்திய ஆய்வுகளில் அது புழங்குகிறது. அந்த ஆறு தலைப்புகளையும் ஒரு கொத்தனார் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். சில வாரம் வார்டில் தங்கினால் சில வாரக் கூலி போகிறது. அதனால் தங்குவது பெரும்பாலும் கூலி இல்லாதவர் என்று கருதப்படுபவர், அதாவது வீட்டுப் பெண். அம்மா, மனைவி, சில இடங்களில் பள்ளியை நிறுத்திவிட்டு வந்த மகள். அவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களே என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாகாயத்து விதியை வியந்து எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இங்கே பொது மருத்துவமனைகளின் 'அட்டெண்டர் பாஸ்' வழக்கத்தையும் மனநல வார்டின் விதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அறுவைப் பிரிவிலோ பிரசவ வார்டிலோ உடனிருப்பவர் ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார், ரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், மருந்துக் கடையில் நிற்கிறார். ரவுண்ட்ஸ் வரும்போது "அட்டெண்டர்லாம் வெளிய போங்க" என்ற குரல் கேட்கும். செவிலியர் பற்றாக்குறையை அவர் நிரப்புகிறார். முடிவெடுக்கும் நேரத்தில் வராந்தாவில் நிற்கிறார். பாகாயத்தின் தனித்தன்மை அந்த வராந்தாவிலிருந்து அவரை உள்ளே அழைத்ததில் இருக்கிறது. விதி ஒன்றுதான், பயன் வேறு. எந்த மருத்துவமனையாவது 'நாங்களும் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்கிறோம்' என்று சொன்னால், ரவுண்ட்ஸ் நேரத்தில் அந்தக் குடும்பம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் போதும்.

மருத்துவமனைக்கு வெளியேயும் இந்த விதிக்கு உறவான ஒன்று உண்டு. தமிழகத்தில் முத்துசாமி கோயில் என்ற இடத்தில் மனநோயாளிகள் தங்குவதை ரகுராம் தலைமையிலான நிம்ஹான்ஸ் மனநல நிறுவனக் குழு ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. 31 பேர், மருந்து இல்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. காலை வழிபாடு, சின்னச் சின்ன வேலைகள், கூடவே உறவினர். நோயறிகுறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட மறுபிரிவு இல்லாத ஆய்வு. பெரிதாக எதையும் நிறுவாது. ஆனால் இதற்கு ஓராண்டு முன்புதான், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கூரை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவுக்கும் குடும்பங்கள் நோயாளியோடுதான் வரும். தங்க முடியாத குடும்பங்கள் பணம் கட்டிக் காப்பகத்தில் விட்டுப் போயின. உடன் யாரும் இல்லாத இடத்தில்தான் சங்கிலி வந்தது. மாதக்கணக்கில் உடன் இருக்கச் சொல்வது எல்லாக் குடும்பத்துக்கும் இயலாது என்பதற்கும் அதே காப்பகங்கள்தான் சாட்சி.

இதுவரை நோயாளி பேசவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். குடும்ப வார்டைப் பற்றிய பழைய கட்டுரைகளிலும் அவர் அதிகம் பேசுவதில்லை. மருத்துவரும் உறவினரும் கைகோத்துக்கொண்டால், நடுவில் இருப்பவரைப் பற்றி அவர் தலைக்கு மேலே பேசி முடித்துவிடுவது எளிது. சாப்பாட்டில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுப்பது நம் நாட்டில் வெகு சாதாரணம். வீட்டார் கேட்க, மருத்துவர் திரவ மருந்து எழுதித் தருவதும் உண்டு. அன்பினால் செய்கிறார்கள், நோய் தணியவும் செய்கிறது. ஒரு நாள் தெரியவரும்போது அவர் அம்மா போட்ட சோற்றையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். சந்தேகமே நோயாக இருப்பவருக்கு, அவர் சந்தேகித்தது உண்மை என்று நிரூபித்துக் கொடுப்பதைவிடக் கொடியது என்ன இருக்கிறது? பெண்களின் நிலை இன்னும் மோசம். மனச்சிதைவு வந்து மணவாழ்க்கை முறிந்த சென்னைப் பெண்களைப் பற்றி தாராவின் குழு 2003இல் எழுதியது. அவர்களைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கணவர்கள் மறுமணம் செய்துகொண்டார்கள். முதுமையில் பெற்றோர் சுமந்தார்கள். 'குடும்பம்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் யார் யார் அடக்கம் என்பதை இது காட்டிவிடுகிறது.

ஃபின்லாந்தின் வடமேற்கில் டோர்னியோ என்ற சிற்றூரின் கெரோபுடாஸ் மருத்துவமனை இந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தது. 1984இலிருந்து அங்கே நோயாளி இல்லாமல் அவரைப் பற்றிய எந்த ஆலோசனையும் நடத்துவதில்லை என்று முடிவு செய்தார்கள். மருத்துவரும் செவிலியரும் தங்களுக்குள் மாறுபட்டால் அதையும் நோயாளி, குடும்பத்தார் முன்னிலையிலேயே பேசிக்கொள்வார்கள். மூடிய அறை என்பதே இல்லை. யாக்கோ செய்க்குலா முதலியோர் எழுதிய நல்ல முடிவுகள் சிறிய ஊரின் சிறிய எண்ணிக்கைகளிலிருந்து வந்தவை என்ற எச்சரிக்கையோடுதான் அவற்றை ஏற்க வேண்டும். முறை மட்டும் மனத்தில் நிற்கிறது. அமிர்தசரஸ் குடும்பத்தை உள்ளே அழைத்தது. டோர்னியோ நோயாளியை அழைத்தது. பாகாயத்தின் பாய்க்கு மேலே கட்டிலில் இருப்பவருக்கும் சம பங்கு உண்டு என்பது இந்தியாவில் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தெளிவாக இருக்கும்போதே, நாளை நோய் முற்றினால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டி எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். இந்த நியமனத்தை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அந்த நியமனப் பிரதிநிதி அப்பாவாகவோ கணவராகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தோழியாகவும் இருக்கலாம். சங்கிலியில் கட்டுவது வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் சேர்க்கப்பட்டால் நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் ஒருவரோ எந்நிலையிலும், சிகிச்சைக் காலம் முழுவதும் கூடவே தங்க வேண்டும். சிறுமியானால், பிரதிநிதி ஆணாக இருக்கும்போது, ஒரு பெண் உடனிருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன் பாகாயத்தில் ஒரு மருத்துவரின் விருப்பமாக இருந்தது சிறாருக்குச் சட்டமானது.

பல மருத்துவர்களுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. தனிமனிதரை மையமாக வைக்கும் மேலைச் சிந்தனை, குடும்பமே சுமக்கும் நாட்டுக்குப் பொருந்தாது என்றார்கள். சுமப்பவர் சொல்லுக்கு மதிப்பில்லையா என்று கேட்கும் பெற்றோரின் குரலில் உண்மையான வேதனை இருக்கிறது; அதை உதறக் கூடாது. ஆனாலும் சுமப்பதனாலேயே தீர்மானிக்கும் உரிமை முழுதாகக் கிடைத்துவிடாது என்றுதான் நான் நினைக்கிறேன். நியமனப் பிரதிநிதி என்ற ஏற்பாடு குடும்பத்தை வெளியே தள்ளவில்லை. குடும்பத்துக்குள் யார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நோயாளியிடம் கொடுத்தது. மணவாழ்க்கை முறிந்த பெண் கணவனுக்குப் பதிலாகத் தங்கையின் பெயரை எழுதலாம்.

எழுதுவதற்குத் தங்கையும் இல்லாதவர்கள் உண்டு. 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'பான்யன்' (Banyan) அமைப்பு தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களை அழைத்துவந்து சிகிச்சை கொடுத்தது. ஊரையும் பெயரையும் மெல்ல நினைவுகூர்ந்து பலர் வீடு திரும்பினார்கள். சிலருக்குத் திரும்ப வீடு இல்லை. அவர்களை ஒரு சிலராகச் சேர்த்துச் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் குடிவைக்கும் முயற்சி பிறகு வந்தது. குடும்பம் துணை இருந்தால்தான் சேர்ப்போம் என்ற விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இவர்களைக் கதவுக்கு வெளியேதான் நிறுத்தும்.

சட்டமும் இவர்களை நினைத்திருக்கிறது. நோயாளி யாரையும் நியமிக்காவிட்டால் யார் பிரதிநிதி என்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் உறவினர். அவர் இல்லையென்றால் பராமரிப்பவர். அவரும் இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம் தகுந்த ஒருவரை நியமிக்கும். அப்படியும் ஒருவர் கிடைக்காவிட்டால் சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் அனுப்பும் ஆள். அந்த ஆளால் கோப்பில் கையெழுத்திட முடியும், சேர்ப்பதா அனுப்புவதா என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அது நாக்கடியில் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும் வேலைக்கு எந்தத் துறையிலும் இன்னும் பணியிடம் உருவாக்கப்படவில்லை.